பயத்திற்குக் காரணம் கற்பித்தல்

திரைக்கதை எழுதும் நண்பர் ஒருவர். யாரும் பேசாத பழைய பேய்ப்படங்களைத் தேடிப் பார்க்கும் பைத்தியம் எங்கள் இருவருக்கும் பொது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைச் சேர்ந்து பார்த்தோம். 1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். முடிந்ததும் அவர் கேட்டார்: “இதையே இன்னிக்கு இருக்கறவனுக்காகத் திரும்ப எடுக்கணும்னா எப்படி எடுப்பீங்க?” எடுக்கக் கூடாது என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல. பழையதன் மீது நமக்கு ஏற்பட்டுவிடும் ஒரு பக்தியிலிருந்து வந்தது. பக்தியை விமர்சனம் என்று எண்ணிக்கொள்ளும் சௌகரியம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்தப் பதில் தவறு என்று இப்போது படுகிறது. ஆனால் தவறு நண்பர் சுட்டிய இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் படம். இதை எடுத்த ஹெர்க் ஹார்வி, கான்ஸாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் சென்ட்ரான் என்ற சிறிய கம்பெனியில் டைரக்டராக இருந்தவர். பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். ஒருமுறை கலிஃபோர்னியாவிலிருந்து காரில் திரும்புகையில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற ஸால்ட்டேர் மண்டபத்தைப் பார்த்தார். 1893-ல் நீரின் மேல் மரத்தூண்களை நட்டுக் கட்டிய உல்லாச மண்டபம் அது. 1925-ல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, ஏரி பின்வாங்கிப் போனதால் நீரில்லாத மணலில் தனித்து நின்று, 1958-ல் மூடப்பட்டது. ஊர் திரும்பிய ஹார்வி, உடன் வேலை பார்த்த ஜான் கிளிஃபோர்டிடம் ஒரு கதை எழுதச் சொன்னார். இறந்தவர்கள் அந்த மண்டபத்தில் நடனமாட வேண்டும். அவர் சொன்ன நிபந்தனை ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளூர் வியாபாரிகளிடம் பணம் திரட்டி, விடுமுறை எடுத்துக்கொண்டு, சுமார் 33,000 டாலரில் படத்தை முடித்தார்கள். விநியோகித்தவர்கள் நொடித்துப் போனார்கள். படமும் போயிற்று. பிரதிகளில் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாததால் சட்டப்படி அது யாருடைய சொத்தும் இல்லாமலாயிற்று. தொலைக்காட்சியின் பின்னிரவுகளில் துண்டு துண்டாகக் காட்டப்பட்டு, 1989-ல்தான் மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது. ஹார்வி வேறு கதைப்படம் எடுக்கவில்லை. 1996-ல் இறந்துபோனார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பெண்கள் செல்லும் கார், விளையாட்டாக ஆரம்பித்த ஒரு போட்டியில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. மூன்று மணி நேரம் கழித்து அவர்களில் ஒருத்தி மட்டும், மேரி ஹென்றி, சேறு படிந்த உடம்போடு மணல்திட்டில் ஏறி வருகிறாள். எப்படிப் பிழைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யூட்டாவில் ஒரு மாதா கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்குப் போகிறாள். வழியில் கார் ஜன்னலில் வெளுத்த முகம் ஒன்று தெரிகிறது (அந்த முகம் ஹார்வியுடையதே). அது அவளைத் தொடர்கிறது. ஏரிக்கரை மண்டபமும் காரணம் புரியாமல் அவளை இழுக்கிறது. முடிவில் மண்டபத்தில் இறந்தவர்கள் நடனமாடுகிறார்கள், அவளைத் துரத்துகிறார்கள். மணலில் அவள் காலடித் தடங்கள் ஓரிடம்வரை வந்து நின்றுவிடுகின்றன. அங்கே கான்ஸாஸில் ஆற்றிலிருந்து காரை வெளியே இழுக்கிறார்கள். உள்ளே மூவரும் இருக்கிறார்கள்.

கடைசியில் அவிழும் இந்த முடிச்சில் படத்தின் பலம் இல்லை. சாகிற மனிதனின் மனம் தப்பித்து வீடு போய்ச் சேர்வதாகக் கட்டும் கற்பனையை அம்ப்ரோஸ் பியர்ஸ் 1890-லேயே கதையாக எழுதிவிட்டார். முடிவு தெரிந்த பிறகும் நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். என்னை மறுபடி மறுபடி இழுத்தது ஒரு துணிக்கடைக் காட்சி. மேரி ஓர் உடையைப் போட்டுப் பார்க்க உள்ளே போகிறாள். பிம்பம் நீர்போல் ஒருமுறை அலைகிறது. வெளியே வருகிறாள். உலகத்தின் சப்தம் அறுந்துபோயிருக்கிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள். அவள் காதில் விழவில்லை. தெருவில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. இரத்தமில்லை, கத்தியில்லை, பேயும் இல்லை. பட்டப்பகல். ஒரு பூங்காவில் ஒரு பறவை கூவுவது கேட்கிறது, உலகம் திரும்பி வந்துவிடுகிறது. ஏன் போயிற்று, ஏன் வந்தது? படம் சொல்வதில்லை. தான் இருப்பதற்கு வேறொருவரின் சாட்சி தேவைப்படுகிறது, அந்தச் சாட்சி எந்தக் கணமும் திரும்பப் பெறப்படலாம் என்ற திகிலை இவ்வளவு குறைந்த செலவில் நிகழ்த்திக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரியவில்லை.

ஹார்வியின் தொழிலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். கனரக இயந்திரங்களில் வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்புப் படம் ஒன்றையும் பின்னாளில் அவர் எடுத்திருக்கிறார். பாதுகாப்புப் படத்தின் தர்க்கம் நமக்குத் தெரிந்ததுதான். ஒருவன் கவனம் பிசகுகிறான், விரல் போகிறது. விபத்துக்குக் காரணம் உண்டு; காரணத்தை அறிந்தவனுக்கு விபத்து இல்லை. வாழ்நாளெல்லாம் இந்தத் தர்க்கத்தைப் படம் பிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதன், தன் சொந்த ஆசைக்காக எடுத்த ஒரே ஒரு கதைப்படத்தில் அதைக் கைவிட்டிருக்கிறான். பாலத்தின் மேல் நடந்த அசட்டுப் போட்டி விபத்துக்குக் காரணமாக இருக்கலாம். அதற்குப் பின் மேரிக்கு நேர்வது எதற்கும் அது காரணமாகாது. எச்சரிக்கையாக இருந்து இதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

1998-ல் இதே பெயரில் படம் மறுபடி எடுக்கப்பட்டது. டைரக்டர் ஆடம் கிராஸ்மன். தலைப்புக்கு மேலே திகில்பட உலகின் பிரபலமான வெஸ் க்ரேவனின் பெயர். இதில் கதாநாயகியின் குழந்தைப் பருவத்தில் அவள் தாயை ஒருவன் கொன்றுவிடுகிறான். அவன் கோமாளி வேஷக்காரன். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து அவள் காரில் ஏறிக்கொள்கிறான். அவள் காரை நீருக்குள் செலுத்துகிறாள். அதன் பிறகு வரும் தோற்றங்கள், மயக்கங்கள் எல்லாம் அந்தக் கொடுமையின் எதிரொலிகள். நீரும், காரும், தான் பிழைத்தோமா என்று அறியாத பெண்ணும் அப்படியே இருக்கிறார்கள். ஆர்கன் போயிற்று, ஸால்ட்டேர் போயிற்று. அந்த மண்டபம் 1970-ல் எரிந்தே போய்விட்டது, அது இருக்கட்டும். புதிதாக வந்து சேர்ந்தது ஒன்று: காரணம். அந்தக் காரணத்துக்கு ஒரு முகம், ஒரு பெயர், ஒரு சிரிப்பு.

இந்தப் படம் மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பது என் புகார் அல்ல. மோசமான படங்கள் நிறைய வருகின்றன, போகின்றன. நான் கேட்பது, காரணத்தைச் சேர்த்ததும் நமக்கு என்ன நேர்கிறது என்பதுதான். முதல் படத்தில் துணிக்கடைக் காட்சியின்போது நான் அந்த விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். எத்தனையோ பேரை இப்படிக் காதில் விழாமல் கடந்திருக்கிறேன் என்ற உறுத்தலிலிருந்து படம் என்னை விடுவிப்பதில்லை. இரண்டாம் படத்தில் குற்றவாளி வெளியே, திரையில், சாயம் பூசி நிற்கிறான். நான் குற்றமற்றவனாகிவிடுகிறேன். அவளுக்காக இரக்கப்படவும் செய்கிறேன். இரக்கம் இங்கே மலிவான டிக்கெட். ஹார்வி ஒரே ஒரு தடவை கைவிட்ட பாதுகாப்புப் படத்தின் தர்க்கத்துக்குள் அவருடைய படத்தைத் திரும்பக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சுலபமாகத் தள்ளக்கூடியதல்ல. “காரணமில்லாத பயம்னு நீங்க சொல்றது ஆம்பளைங்களோட சௌகரியம். ஒரு பொண்ணு எதையோ பாத்துப் பயப்படறான்னா, அவளுக்கு என்ன நடந்ததுன்னு அன்னிக்கு யாரும் கேக்கலை. கேக்காததனால காரணமே இல்லைன்னு ஆயிடுச்சு. அதைக் கவிதைன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்குக் கேக்கறோம். அது தப்பா?”

தப்பில்லை. பெயரிடப்படாத பல பயங்களுக்குப் பின்னால் பெயருள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நம் காலம் கற்றுக்கொண்டிருக்கிறது. தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. மர்மம் என்றும் பிரபஞ்சத் தனிமை என்றும் நாம் கொண்டாடியவற்றில் சில, வெறும் மூடி மறைப்பு. அவர் வாதம் என்னைச் சில நாட்கள் வாயடைக்க வைத்தது.

பிறகு ஐந்தாம் தடவையாகப் படத்தைப் பார்த்தேன். இதுவரை நான் கவனிக்காமல் விட்ட ஒன்று தெரிந்தது. மேரியைச் சுற்றிக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆர்கன் செய்யும் தொழிற்சாலைக்காரர், ஆன்மாவை அதில் செலுத்து என்கிறார். அவளுக்கு அது வெறும் வேலை. பாதிரியார் அவள் வாசிப்பதில் தெய்வநிந்தனையைக் கேட்கிறார், வேலையிலிருந்து விலக்குகிறார், கையோடு ஆன்மிக உதவியும் தர முன்வருகிறார். டாக்டர் மனத்தின் கற்பனை என்கிறார். எதிர் அறை வாடகைக்காரனுக்கு அவள் குறை ஆண்துணை இல்லாததுதான். ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். அந்தக் காரணம் கையில் இருப்பதனாலேயே அவள் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. காரணம் சொல்வதும் காதுகொடுப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் முதலாவது இரண்டாவதைத் தவிர்க்கும் வழி.

நண்பர் கோருவது காதுகொடுப்பதை. 1998-ன் படம் தருவது இன்னொரு காரணத்தை. பாதிரியார், டாக்டர், வாடகைக்காரன் வரிசையில் டைரக்டரும் வந்து நின்றுகொள்கிறார். முதல் மூவரும் தவறு என்று காட்டப் படம் இருந்தது. நான்காமவர் தவறு என்று சொல்லப் படத்தில் யாருமில்லை, ஏனென்றால் படமே அவர். அந்தப் பெண்ணின் துன்பம் அவளைப் புரிந்துகொள்வதற்காகப் புகுத்தப்பட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பூதம் வேண்டியிருந்தது. பூதத்துக்கு ஒரு கடந்தகாலம் வேண்டியிருந்தது.

அப்படியானால் யாரும் எதையும் மறுபடி எடுக்கக் கூடாதா? இங்கேதான் என் முதல் பதில் தவறாகிறது. முர்னௌவின் ‘நோஸ்ஃபெராட்டு’ 1922-ல் வந்தது. ப்ராம் ஸ்டோக்கரின் நாவலை அனுமதியில்லாமல் எடுத்தாண்ட படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். பிரதிகளை அழிக்கக் கோர்ட் 1925-ல் உத்தரவிட்டது. அங்கங்கே தப்பிய பிரதிகளால் படம் பிழைத்தது. சட்டம் அழிக்கச் சொன்ன ஒன்று கலையாக நிலைத்திருக்கிறது. சட்டம் கேட்பாரற்று விட்ட ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, மறுபடி எடுக்கப்பட்டபோது உள்ளே செத்துப்போயிற்று. எது நியாயம் என்று சட்டத்திடம் கேட்டுப் பயனில்லை.

1979-ல் வெர்னர் ஹெர்ஸாக் ‘நோஸ்ஃபெராட்டு’வை மறுபடி எடுத்தார். தன் தலைமுறைக்குத் தந்தையர் இல்லை, தாத்தாக்களே உண்டு என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நாஜிகளின் காலத்தில் அறுந்துபோன ஒரு கலை மரபைத் தாத்தாவிடம் போய்த் தொட்டுக்கொள்ளும் காரியமாகவே அந்தப் படத்தை அவர் கண்டார். ஆனால் தாத்தாவின் கதையை அப்படியே ஒப்பிக்கவில்லை. முர்னௌவின் படத்தில் ஒரு பெண் தன்னையே பலியாக்குகிறாள், சேவல் கூவுகிறது, விடியும் ஒளியில் இரத்தக் காட்டேரி அழிகிறது. கொள்ளைநோய் நீங்குகிறது. ஹெர்ஸாக்கிடமும் அவள் பலியாகிறாள், அவனும் சாகிறான். ஆனால் அவள் கணவன் அதற்குள் காட்டேரியாகிவிட்டிருக்கிறான். பரந்த மணல்வெளியில் குதிரையேறிப் போய்விடுகிறான். அந்தப் பலி வீண். 1922-ன் ஜெர்மனிக்குத் தெரியாத ஒன்று 1979-ன் ஜெர்மனிக்குத் தெரிந்திருந்தது. தீமை ஒரு மனிதனோடு வந்து ஒரு மனிதனோடு போவதில்லை. தன் காலம் கற்ற பாடத்தை ஹெர்ஸாக் பழைய படத்துக்குள் கொண்டுவந்தார். அது பார்வையாளனிடமிருந்து ஓர் ஆறுதலைப் பறித்தது. கிராஸ்மன் படத்தில் இல்லாத ஆறுதலைக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டும் மாற்றங்கள்தாம். இந்த வித்தியாசம் ரசனை சார்ந்தது மட்டுமல்ல, தர்மம் சார்ந்தது என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்ல, என்னைப்பற்றிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் என் நண்பன் ஒருவன் இறந்துபோனான். அவன் விட்டுப்போன கைப்பிரதிகளில் ஒரு சிறுகதை இருந்தது. ஒருவன் தினமும் மாலையில் தன் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகிறான். ஏன் என்று கதையில் இல்லை. ஒரு சிறுபத்திரிகை அதை வெளியிட முன்வந்தது. பிரதியெடுத்துக் கொடுத்தவன் நான். கதை பாதியில் நிற்பதாக எனக்குத் தோன்றியது. வாசகனுக்குப் புரிய வேண்டாமா? ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். சொத்துப் பிரிவினையில் அண்ணன் அவனை ஏமாற்றிவிட்டதாக, பாதி வீடு இனி அவனுடையதில்லை என்பதாக. கதை அவன் பெயரில் வெளியாயிற்று. எனக்கு எழுதிய இரண்டு பேரும் அந்தப் பத்தியைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

நண்பனுக்கு நிஜமாகவே ஓர் அண்ணன் இருந்தார். அவர்களுக்குள் எந்தச் சொத்துத் தகராறும் கிடையாது. கதையை யாரோ அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். தம்பி தன்னைப்பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தானா என்று நண்பனின் மனைவியிடம் கேட்டாராம். அதன்பிறகு அவர் அந்த வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். மனைவியிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லப் போக வேண்டும், போக வேண்டும் என்றிருந்தேன். போகவில்லை. இப்போது அவரும் இல்லை.

நான் செய்தது கிராஸ்மன் செய்ததுதான், அதைவிடச் சின்ன அளவில். பயத்திற்குக் காரணம் கற்பித்தேன். கற்பித்த காரணம் தனியாக வரவில்லை, குற்றவாளி ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அவன் ஒரு கதாபாத்திரம். இன்னொருவர் வாழ்க்கையில் அவன் உயிருள்ள மனிதன். அந்தக் கதையில் வாசலில் நின்றவனுக்குக் காரணம் தெரிந்திருந்தால் அவன் நின்றிருக்கவே மாட்டான், சண்டை போட்டிருப்பான். இது எனக்கு விளங்க இத்தனை காலம் ஆயிற்று. நான் திருத்தியது நண்பனின் குறையை அல்ல. அவன் கதைக்குள் எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை, அவன் செலவில், அவனைக் கேட்க முடியாத நேரத்தில் தீர்த்துக்கொண்டேன். ‘வாசகனுக்காக’ என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

‘இன்றைய பார்வையாளன்’ என்பவனையும் நான் சந்தேகிக்கிறேன். அவன் எங்கே இருக்கிறான்? தனக்குப் பிடிக்காத ஒன்றை மாற்ற விரும்பும் தயாரிப்பாளன், டைரக்டர், பிரதியெடுக்கிறவன் தன் பின்னால் நிறுத்திக்கொள்ளும் ஆள் அவன். 1962-ன் பார்வையாளனுக்குப் புரியாதிருந்தது இன்றையவனுக்கு இன்னும் புரியாது என்று வைத்துக்கொண்டே காரணங்கள் சேர்க்கப்படுகின்றன. உண்மை நேர்மாறாக இருக்கக்கூடும். ஆயிரம் பேர் நடுவில் யார் காதிலும் விழாமல் பேசிக்கொண்டிருக்கும் அனுபவம் இன்று யாருக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது?

நண்பரிடம் மறுபடி போனேன். எடுக்கலாம் என்றேன். ஆர்கனை விட்டுவிடலாம், பாதிரியாரை விட்டுவிடலாம். மேரிக்கு வேறு வேலை, வேறு பெயர் கொடுக்கலாம். வேண்டுமானால் அவளுக்கு நேர்ந்த ஒரு கொடுமையையும் வைக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொண்டவர்களும் அவளைக் காதில் வாங்காமலே போக வேண்டும், அவளுடைய பயம் அதற்குள் அடங்கிவிடக் கூடாது. ஏரியையும் விட வேண்டாம். 2022-ல் அந்த உப்பு ஏரி, அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து காணாத அளவுக்கு வற்றியது. ஹார்வி பார்த்ததைவிட அப்போது அதிக மணல் இருந்தது. அதற்கு மனிதர்கள் காரணம், ஏரிக்கு வரும் ஆறுகளை மறித்து நீரைத் திருப்பியவர்கள் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? காரணம் தெரிந்ததால் நீர் திரும்பி வரவில்லை. அங்கே ஆரம்பிக்கலாம்.

“அந்தத் துணிக்கடை?” என்றார் நண்பர்.

அதை மட்டும் தொடாதீர்கள் என்றேன். பிறகு, இதுவும் பக்திதானோ என்று சந்தேகம் வந்தது. தொடுங்கள், ஆனால் சப்தம் ஏன் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று திருத்திச் சொன்னேன்.

அவர் குறித்துக்கொண்டார். எடுப்பாரா என்று தெரியாது.